ஏழாவது துளை

ஏழாவது ஆழ்துளை பொய் என்று மன்சா கண்டுபிடித்தது பாறையை வைத்தோ மண்ணை வைத்தோ அல்ல. அங்கே யாரும் ஆடு வெட்டவில்லை என்பதை வைத்துத்தான்.

கானா நாட்டில் மின்சாரம் தரும் அணுவுலை இன்னும் ஒன்றுகூட எழவில்லை. ஆனால் அதைக் கட்டுவதற்கு ஒரு கம்பெனியும், அந்தக் கம்பெனி ஒழுங்காகக் கட்டுகிறதா என்று பார்க்க ஓர் ஆணையமும் வந்துவிட்டன. பிள்ளை பிறக்குமுன்னே பள்ளிக்கூட வாத்தியாரை நியமித்த கதை என்று ஆணையத்தில் அவளோடு வேலை பார்க்கும் தேரி சொல்வான். மன்சா அந்த வாத்தியார்களில் ஒருத்தி. கம்பெனி எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்த இடம் உலையைத் தாங்குமா, நிலத்துக்கடியில் பாறை பிளந்து கிடக்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. அது தெரிந்தவர்கள் ஆணையத்தில் இரண்டே பேர். அவளும் தேரியும்.

கம்பெனி காட்டிய இடம் மேற்குக் கடற்கரையில் எடுவா. அவளுடைய அம்மாவின் ஊர். அறிக்கையோடு வந்த வரைபடத்தில் துளைகள் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. ஏழாவது புள்ளி காயலின் ஓரத்தில், ஒரு பச்சை வட்டத்துக்கு நடுவே விழுந்திருந்தது. அந்த வட்டம் எடுவாவின் கோயில்காடு. அதற்குள் இரும்பு போகக் கூடாது. போக வேண்டுமானால் பூசாரியைக் கேட்க வேண்டும், ஊர் கூட வேண்டும், ஆடு வெட்ட வேண்டும். விறகுக்காக அரிவாளோடு நுழைந்த ஒருவனைப் பற்றி ஊர் இரண்டு மழைக்காலம் பேசியது. லாரி மேல் துளையிடும் எந்திரம் போயிருந்தால் சும்மா விட்டிருக்குமா?

தாய்மாமன் குவான்சாவுக்குப் போன் போட்டாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவர் அவர்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று செகொண்டியில் இருந்தார். எடுவாவில் ஒரு கோழிக்குச் சளி பிடித்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும்.

"மாமா, காட்டுக்குள்ள மிஷின் ஏதாவது போச்சா?"

"எந்தக் காட்டுக்குள்ள? நம்ம காட்டுக்குள்ளயா? பைத்தியமா உனக்கு? போயிருந்தா ஆடு வெட்டியிருப்பாங்க. ஆடு வெட்டியிருந்தா ஒரு கால் எனக்கு வந்திருக்கும். எனக்குக் கால் வரலை. அப்ப மிஷினும் போகலை."

அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை.

ஆனால் அறிக்கையில் ஏழாவது துளையின் பாறை உருளைகள் படத்தோடு இருந்தன. எங்கோ ஒரு துளை போட்டு எடுத்தவைதான். எங்கே என்பதுதான் கேள்வி. அந்தக் காட்டுக்கு அடியில் பாறை ஒரு படிக்கட்டுபோல இறங்குவதாகக் கரையோரம் எடுத்த அளவைகள் காட்டியிருந்தன. அது பிளவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்ப்பதற்கென்றே திட்டமிட்ட துளை அது ஒன்றுதான்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எபோவின் கையெழுத்து இருந்தது.

எபோவும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இந்த நாட்டின் அணுவுலைப் படிப்பு முழுவதும் அந்த வகுப்பின் இரண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. படிப்பு முடிந்ததும் பாதிப் பேர் கட்டப் போனார்கள், பாதிப் பேர் கேள்வி கேட்க வந்தார்கள். எபோ கட்டப் போனான். சனிக்கிழமைகளில் இருவரும் கடற்கரைச் சாலைக் கடையில் கென்கே என்கிற புளித்த சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்பார்கள். மீனின் கன்னத்துச் சதையை அவன் விரலால் கிள்ளி எடுத்து அவள் தட்டில் வைப்பான். சனிக்கிழமை மேசையில் உலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். இதுவரை மீறியதில்லை.

இந்த உறவை அவள் மறைக்கவும் இல்லை. ஆணையத்தின் இயக்குநர் நார்ட்டே மேடத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மீன் தின்னா உறவாயிடுமா? அப்படிப் பாத்தா இந்த ஊர்ல யாருமே யாரையும் சோதிக்க முடியாது. அவன் வீட்டு ஆளுங்க வந்து கதவு தட்டட்டும், அன்னிக்கு வந்து சொல்லு. உன்ன இந்தச் சோதனைலேருந்து எடுத்துடறேன்" என்றார்.

கதவு தட்டுவது என்றால் மாப்பிள்ளை வீட்டார் மதுப் பாட்டிலோடு வந்து பெண் கேட்பது. தட்டினால்தான் அது ஊரறிந்த உறவு. அதுவரை ஒன்றுமில்லை. மேடம் சொன்னதை மன்சா எபோவிடமும் சொல்லியிருந்தாள்.

அறிக்கைமேல் ஆணையம் அனுப்பிய கேள்விகளில் நாற்பத்தொன்றாவது அவளுடையது. "ஏழாம் துளையின் இடத்தைப் படத்துடன் உறுதிசெய்க." அவ்வளவுதான் எழுதினாள். ஆட்டுக்கால் விஷயத்தை அரசாங்கக் காகிதத்தில் எப்படி எழுதுவது?

அந்தச் சனிக்கிழமை எபோ மீன் தின்ன வரவில்லை. தலைவலி என்றான். அடுத்த சில நாளில் மாமா போனில் கத்தினார்.

"உன் ஆளு வீட்லேருந்து சொல்லியனுப்பிட்டாங்க! சனிக்கிழமை தட்ட வர்றாங்களாம்! வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட நேரம் இல்ல!"

இத்தனை காலம் அவள் காத்திருந்த செய்தி. கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது நாற்பத்தொன்றாவது கேள்வி.

*

செகொண்டி வீட்டில் அன்று காலையிலேயே புழுக்கம். எபோவின் அத்தை மூன்று பேரோடு வந்து கதவைத் தட்டினாள். மாமா உள்ளே இருந்தபடியே யாரு என்றார். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு அது. முறைக்காகச் சாத்தியிருந்தார்.

அத்தை இரண்டு பாட்டில் மதுவை மேசையில் வைத்து ஆரம்பித்தாள். "இந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்தோம். உங்க தோட்டத்துல ஒரு பூ பூத்திருக்கறதப் பாத்தோம். பறிச்சுக்கிட்டுப் போகலாமான்னு கேக்க வந்தோம்."

"எங்க வீட்ல தோட்டமே இல்லியே" என்றார் மாமா. "ரெண்டு பப்பாளி மரந்தான். அதுல ஒண்ணு ஆண் மரம்."

எல்லாரும் சிரிக்கும்போது மின்விசிறி நின்றது. மின்சாரம் போய்விட்டது.

"தும்சோர்!" என்று அத்தை மேல்துணியால் விசிறிக்கொண்டாள். போவதும் வருவதுமான மின்சாரத்துக்கு ஊரே வைத்த பெயர் அது. "கவலைப்படாதீங்க. இதச் சரி பண்ணத்தான் எங்க பையன் ராப்பகலா வேலை செய்யறான்."

"அவன வேலை செய்ய விடாம பாத்துக்கறதுதான் எங்க பொண்ணுக்கு வேலை" என்றார் மாமா. "நல்ல பொருத்தம்."

மறுபடி சிரிப்பு. மன்சாவைக் கூப்பிட்டார்கள். அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"மன்சா, இவங்க மது கொண்டு வந்திருக்காங்க. வாங்கலாமா?"

"பையன் எங்க மாமா?"

"கார்ல. இன்னிக்கு அவன் உள்ள வரக் கூடாதே."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

அத்தை வாயில் கை வைத்தாள். மாமா கூரையைப் பார்த்தார். அவள் தெருவுக்குப் போய்விட்டாள்.

எபோ புதுச் சட்டையில் காருக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். வண்டி ஓடவில்லை. ஆனாலும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஏன் இந்த வாரம்?"

"அத்தைக்கு இந்த வாரந்தான் தோதுப்பட்டுச்சு."

"எபோ."

அவன் காதைத் தேய்த்தான். பயந்தால் அப்படித்தான் செய்வான்.

"நாப்பத்தொண்ணு" என்றான்.

"சனிக்கிழமை உலை பேச மாட்டோம்."

"இன்னிக்கு மீன் இல்லியே."

அவள் முன்னால் பார்த்தாள். ஒரு ஆடு சாக்கடையைத் தாண்ட யோசித்துக்கொண்டு நின்றது.

"காட்டுக்குள்ள போகலை. அப்படித்தானே?"

"வாசல்லயே டிரைவர் வண்டிய நிறுத்திட்டான். துளை போடற பசங்க பூரா அந்தப் பக்கத்துப் பசங்க. ஒருத்தன் எறங்கலை. நான் எறங்கினேன். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு உள்ள போனேன், குறி அடிக்கறதுக்கு. கொஞ்சதூரம் போனேன். என்னாலயும் முடியல மன்சா. திரும்பிட்டேன். என்னத்தப் படிச்சு என்ன."

"அப்பறம்?"

"காயலுக்கு அந்தப் பக்கம் மணல்ல போட்டோம். பூசாரியைக் கேட்டு, ஊரக் கூட்டி, ஆடு வாங்கி, அதெல்லாம் முடிய ரொம்ப நாளாகும். மேல இருக்கறவங்க அறிக்கைய உடனே கேட்டாங்க. வரைபடத்துல பழைய இடமே இருந்துச்சு. நான் மாத்தலை."

"மாத்தலை."

"மாத்தலை."

யாரும் பொய் சொல்ல முடிவு செய்து இதைச் செய்யவில்லை. ஒரு லாரி நிறைய ஆட்கள் சாமிக்கு மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. உலை இடிந்தால் இடிவது இப்படித்தான் என்று மன்சா நினைத்தாள். திருடனால் அல்ல, கூச்சப்படுகிறவனால்.

"தேரி வடக்கத்திக்காரன்" என்றான் எபோ. "அவனுக்குக் காடு தெரியாது. உனக்குத் தெரியும். தட்டினா உன்ன எடுத்துடுவாங்க. அதுக்குத்தான் தட்டினேன்." பிறகு மெதுவாக, "அதுக்கு மட்டும் இல்ல" என்றான்.

"அதுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு?"

அவன் மறுபடி காதைத் தேய்த்தான்.

"பிரிக்கத் தெரியலை."

எல்லாமே உனக்குத்தான் என்று சொல்லியிருந்தால் அவள் இறங்கிப் போயிருப்பாள். அவன் சொல்லவில்லை.

"பயம் யாருகிட்ட? சாமிகிட்டயா?"

"சாமிகிட்ட கொஞ்சம். உங்கிட்ட நெறய."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினாள்.

"திங்கட்கிழமை காலைல மேடம்கிட்ட போவேன். தட்டினதைச் சொல்லுவேன். நீ இப்ப சொன்னதையும் சொல்லுவேன். சொல்லாம இருக்க என்னால முடியாது. அதுக்கு முன்னாடி நீ என்ன செய்யறங்கறது உன் பாடு."

"வேலை போயிடும்."

"போகலாம்."

"அப்ப இது?" அவன் வீட்டுப் பக்கம் கை காட்டினான்.

அவள் கார்க் கதவைத் திறந்தாள். இறங்குமுன் அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் பிய்த்து எடுத்தாள். விலை தெரியும்படி அதோடேயே வந்திருந்தான்.

உள்ளே எல்லாரும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கி வைங்க மாமா. திறக்க வேண்டாம்."

"இதென்ன புது வழக்கம்?" என்றாள் அத்தை.

"பழைய வழக்கந்தாம்மா" என்றார் மாமா. "விசாரிச்சுட்டுச் சொல்றோம்னு பெரியவங்க மதுவ மூடி வைக்கறது இல்லியா? எங்க வீட்ல பொண்ணே விசாரிக்கறா. வேலையே அதானே அவளுக்கு." சொல்லிவிட்டுப் பாட்டில்களைப் பெருமூச்சோடு அலமாரியில் வைத்தார். அவருக்கு அந்த மது ரொம்பப் பிடிக்கும்.

*

திங்கட்கிழமை ஆணையத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மன்சா படியேறி மேலே வந்தபோது, மேடத்தின் அறைக்கு வெளியே இருந்த மர பெஞ்சில் எபோ உட்கார்ந்திருந்தான். பார்வையாளர் அட்டை கழுத்தில் தொங்கியது. சனிக்கிழமை போட்ட அதே புதுச் சட்டை. இரவு தூங்கவில்லை என்று முகம் சொன்னது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்பில் உட்கார்ந்ததுபோல இருந்தது. அப்போதும் அவன்தான் ஓரத்தில் இருப்பான்.

"யாரு முதல்ல போறது?" என்றாள்.

"கேள்வி நீ கேட்டாச்சு. பதில்தான் வரணும்."

அவன் எழுந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. அவள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு வாசகத்தை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். ஒரு சொல்லும் ஏறவில்லை. எபோ வெளியே வந்தபோது அவளைப் பார்க்காமல், தோளை மட்டும் தொட்டுவிட்டுப் படியிறங்கினான்.

மேடத்தின் மேசையில் அவன் எழுதிக் கொடுத்த ஒற்றைத் தாள் இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"தட்டிட்டாங்களாமே."

"ஆமா மேடம். அவன் இப்ப உங்ககிட்ட சொன்னதை எங்கிட்ட சனிக்கிழமையே சொல்லிட்டான். அதையும் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும். எழுதியிருக்கான். மதுவத் திறந்தீங்களா?"

"இல்ல."

மேடம் நிமிர்ந்தார். "திறக்கலையா? அப்ப சம்மதம் ஆகலையே. மது திறக்காத வரைக்கும் நிச்சயம் இல்ல. வக்கீலக் கேட்டாலும் அதான் சொல்லுவார். நீ இருக்கலாம் மன்சா. எங்கிட்ட இருக்கறதே ரெண்டு பேரு. இதக் கண்டுபிடிச்சவளே நீதான். உன்ன அனுப்பிட்டு நான் யாரை வெச்சுப் பாக்கறது?"

இருக்கலாம். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்தத் துளையிலிருந்து வரும் கல்லை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கை அரித்தது.

"உள்ள இருந்தா நல்லாத்தான் கேப்பேன் மேடம். ஆனா இடம் நல்லா இருக்குன்னு எழுதினா புருஷனுக்காக எழுதினான்னு சொல்லுவாங்க. இல்லைன்னு எழுதினா புருஷன்கூடச் சண்டைன்னு சொல்லுவாங்க. எதை எழுதினாலும் எடுவாக்காரங்க நம்ப மாட்டாங்க. நம்பாத கையெழுத்து எதுக்கு?"

"இன்னும் புருஷன் ஆகலையே."

"ஆகலை" என்றாள். "ஆகறதும் ஆகாததும் வேற கணக்கு."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போ. தேரியை வரச் சொல்லு" என்றார்.

தேரி தன் மேசையில் வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தான். எடுவாவின் காகிதக் கட்டுகளை அவன் முன்னால் வைத்தாள்.

"இனி உன் பாடு. ஏழாவது துளை கோயில்காட்டுக்குள்ள வருது. அங்கெல்லாம் எப்படின்னு உனக்குத் தெரியாது, அதனால..."

"யாருக்குத் தெரியாது?" தேரி கடலைத் தோலை ஊதினான். "காயல் ஓரத்துல யாரும் வெட்டாத ஒரு பச்சை வட்டம். வரைபடத்தப் பாத்தன்னிக்கே நெனச்சேன். எங்க ஊர்ல நிலச்சாமிக்குக் காடு கிடையாதா? மீன் தின்னற கடற்கரைக்காரங்க நீங்க மட்டுந்தான் சாமி வெச்சிருக்கீங்களா? நீ கேக்காம விட்டிருந்தா நான் கேட்டிருப்பேன். உன் கேள்வி முன்னாடி போயிடுச்சேன்னு சும்மா இருந்தேன்."

தேரிக்குக் காடு தெரியாது என்று எபோ நினைத்தான். அவளும் நினைத்தாள். அந்த நினைப்பை நம்பித்தான் எபோ தட்டினான். எப்படியும் மாட்டியிருப்பான்.

"என்ன சிரிக்கற?" என்றான் தேரி.

"ஒண்ணுமில்ல."

"உன் ஆளு முட்டாளா, நல்லவனா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப கட்டிக்கோ. ஒண்ணு மட்டும் இருக்கறவந்தான் ஆபத்து."

*

எபோவுக்கு வேலை போகவில்லை. இடத் தேர்வுக் குழுவிலிருந்து எடுத்து, தேமா துறைமுகத்துக் கிடங்கில் சிமெண்ட் மூட்டைக்குக் காவல் போட்டார்கள். அறிக்கை திரும்பிப் போனது. திட்டம் தள்ளிப்போனது. பத்திரிகையில் ஒருவர், படித்தவர்கள் நாட்டை இருட்டில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். அன்றும் மின்சாரம் போனது. மன்சா வேர்க்க வேர்க்க அதை வாசித்தாள். அவர் எழுதியதில் பாதி சரிதான்.

சனிக்கிழமைகளில் மீன் தொடர்ந்தது. எபோவின் கைகளில் சிமெண்ட் வெடிப்பு. கன்னச் சதையைக் கிள்ளுமுன் மூன்று தடவை கை கழுவினான். கல்யாணப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அலமாரியில் தூசி படிகிறது என்று மாமா மட்டும் வாராவாரம் போனில் நினைவுபடுத்தினார்.

ஒருநாள் தேரி அவள் மேசையைக் கடக்கும்போது குனிந்து, "உனக்கு எதுவும் சொல்லக் கூடாது. நீ வெளி ஆளு. ஆனா ஒரு பொதுவான சந்தேகம். நிலத்தடி ஆய்வுச் செலவுல ஆடு எந்தத் தலைப்புல வரும்?" என்றான்.

"பலியா, விருந்தா?"

"ரெண்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். வீட்டுக்குள் நுழையும்போதே மிளகாய் போட்ட கறிச் சாறு மணத்தது.

"கால் வந்துச்சு" என்றார் மாமா. முகமெல்லாம் பல். "பூசாரி மூணு தடவை கேட்டாராம், எதுக்கு வந்தீங்கன்னு. அந்த வடக்கத்திக்காரப் பையன் மூணு தடவையும் ஒரே பதிலச் சொன்னானாம். உங்க சாமிக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கணும், சாமிக்கே தெரிஞ்சுக்க ஆசை இருக்கும்னு. ஊரே சிரிச்சுச்சாம். எந்திரம் உள்ள போயிடுச்சு."

எபோ கிண்ணத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டால் கிடைத்திருக்கும். அவன் கேட்கவே இல்லை. அவ்வளவுதான் நடந்தது. மன்சா அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அடியில என்ன இருந்துச்சாம்?" என்றான் மெதுவாக.

"இன்னும் தோண்டறாங்க" என்றாள் மன்சா. "எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"பிளவு இருந்தா?"

"இடம் மாறும். இன்னும் தள்ளிப்போகும். பிளவு இல்லாட்டி உலை அங்கயே வரும். ஊருக்குத் தெரியறப்ப நமக்கும் தெரியும்."

மாமா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தோள் துண்டால் தூசியைத் துடைத்து மேசையில் வைத்தார். முறைப்படி இது இப்படி நடக்கக் கூடாது. அத்தை வந்திருக்க வேண்டும், உறவு கூடியிருக்க வேண்டும். அதெல்லாம் பிறகு ஒருநாள் நடக்கும். ஆனால் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மன்சா, இந்த மதுவத் திறக்கலாமா?"

அவள் எபோவைப் பார்த்தாள். அவன் காதைத் தேய்க்கவில்லை. கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன, வெடித்துப்போய்.

"மன்சா, திறக்கலாமா?"

மின்விசிறி நின்றது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூணாவது தடவையா கேக்கறேன். எனக்கு வயசாகுது. திறக்கலாமா?"

"திறங்க மாமா."

மாமா மூடியைத் திருகினார். முதல் சொட்டுகளைத் தரையில் விட்டு, அவளுடைய அம்மாவின் பெயரைச் சொன்னார். எடுவாவின் பெயரைச் சொன்னார். கடைசியாகக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏழாவது துளைக்கும்" என்று இன்னொரு சொட்டு விட்டார்.

எபோ கிண்ணத்தில் கைவிட்டு, எலும்போடு ஒட்டியிருந்த மெல்லிய கறியைப் பிய்த்து அவள் கிண்ணத்தில் வைத்தான்.

"கை கழுவினியா?" என்றாள்.

"கழுவினேன்."

"காட்டு."

காட்டினான். பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.